புகைவீட்டுச் சபை

என் அப்பா திருவிருந்துக் கிண்ணத்தைக் கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய், அதில் மிச்சமிருந்த திராட்சை ரசத்தைப் புல்லில் கொட்டினார். பக்கத்து ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஆறிப்போன காப்பியைக் கொட்டுகிற மாதிரிதான் கொட்டினார். பிறகு குழாயைத் திறந்து கிண்ணத்தைக் கழுவினார், திரும்பவும் கழுவினார், சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார்.

அவர் அந்தச் சபையின் மூப்பர். மலாக்கா பட்டணத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிராணி, தலைமை எழுத்தர். எனக்கு ஜெபம் செய்யக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அதனால்தான் நான் பார்த்ததை என்னால் நம்ப முடியவில்லை.

அன்று ஈஸ்டர். என் கணவர் அந்தச் சபையில் உபதேசியாராக இருந்தார். ரப்பர் தோட்டத்து லயங்களுக்கும் கூலிக் குடியிருப்புகளுக்கும் போய் வேதம் சொல்வது அவர் வேலை. அப்படிப் போன இடத்தில் ஒரு புருஷனையும் பெண்டாட்டியையும் சபையில் சேர்த்திருந்தார். புருஷன் வீடுகளின் பின்கதவு வழியாக மல வாளி எடுப்பவர். பெண்டாட்டி ரோடு கூட்டுபவர். அவரை நான் அக்கா என்றும், அவர் புருஷனை அண்ணன் என்றும் கூப்பிடுவேன். அவர்களுக்கு ஞானஸ்நானம் நடந்தது ஒரு வாரநாளில், நாலைந்து பேர் முன்னிலையில். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஈஸ்டர் அன்று அவர்கள் திருவிருந்து மேசைக்கு வந்தார்கள்.

எங்கள் சபையில் எல்லாருக்கும் ஒரே கிண்ணம். அக்கா முழங்காலிட்டு, கிண்ணத்தில் வாய்வைத்து ஒரு மிடறு குடித்தார். போதகர் விளிம்பைத் துடைத்து அடுத்தவரிடம் நீட்டினார். அடுத்து இருந்தவர் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரின் மனைவி. அவர் எழுந்து தம் இடத்துக்குப் போய்விட்டார். அவருக்கு அடுத்திருந்தவரும் எழுந்தார். பிறகு வரிசையே எழுந்தது. சிமெண்டுத் தரையில் வெறுங்கால்கள் நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது. மேசை முன்னால் அந்த இரண்டு பேர்தான் மிச்சம். அக்கா கண்ணை மூடியிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. அண்ணன் பார்த்துவிட்டார். அப்போதுதான் என் அப்பா முன்னால் போய்ப் போதகரின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். போதகரும் கொடுத்துவிட்டார்.

மத்தியானம் பாச்சாங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு அப்பா வந்தார். என் கணவரிடம் தணிந்த குரலில்தான் பேசினார்.

"அவங்களுக்குன்னு தனியா ஒரு கிண்ணம் வாங்கிடலாம் மாப்பிள்ளை. நானே வாங்கித் தர்றேன். வெள்ளியில வேணும்னாலும் வாங்கித் தர்றேன்."

"மாமா, அது இயேசுவோட ரத்தம்னு நீங்கதானே ஜெபம் பண்ணீங்க?"

"தெரியும். ஆனா மத்தவங்களும் அதுல குடிக்கணும்லா."

கொட்டியதைவிட அந்த வெள்ளிக் கிண்ணம் என்னை அதிகம் உலுக்கியது. அவர் அதை உண்மையான தயவோடு சொன்னார். தாம் பெரிய மனம் காட்டுவதாகவே அவர் நினைத்திருக்க வேண்டும். என் கணவர் எழுந்து அவரை வாசல்வரை வழியனுப்பினார். மறுநாளே போதகரைப் பார்த்து வேலையை விட்டுவிட்டு வந்தார். நான் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. என் சம்பளத்தில் குடும்பம் நடக்கும் என்று சொன்னேன்.

அது அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் அரசாங்கத்துக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. தோட்டத்து லயங்களைக் கம்பிவேலிக்குள் அடைத்துவிட்டார்கள். அரிசி அளந்துதான் கிடைக்கும். காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்தி, மடியையும் கொண்டையையும்கூடத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு வெளியே போனாலும் அது காட்டுக்காரர்களுக்குத்தான் என்று பிடித்துக்கொண்டு போவார்கள். நாலு பேர் கூடினால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் நாங்கள் ஒரு சபை தொடங்கினோம்.

செங் பக்கம் போகிற சாலையோரத்தில் ஒரு சின்ன ரப்பர் தோட்டம் இருந்தது. அதன் சீன முதலாளி பால் தகடுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் பழைய புகைவீட்டைப் பூட்டிப் போட்டிருந்தார். அண்ணனும் அக்காவும் குடியிருந்த நகராட்சிக் குடியிருப்புக்கு அது பக்கம். என் கணவர் போய்க் கேட்டார். எடுத்துக்கொள், உள்ளே பேய் இருக்கிறது, நீ சாமி கும்பிட்டால் அதற்கு நல்லது என்று அந்த முதலாளி மலாயில் சொன்னாராம். போலீஸ் அனுமதியும் கிடைத்தது. ஞாயிறு காலையில் மட்டும், கதவைத் திறந்து வைத்துக் கூட வேண்டும் என்பது நிபந்தனை.

சுவரெல்லாம் கரி. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எல்லார் தலைமுடியிலும் புகை வாடை அடிக்கும். முதல் ஞாயிறு அக்கா தம் முந்தானையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இங்க வந்தா எல்லாருக்கும் ஒரே வாடைதான் டீச்சர்."

நகராட்சிக் குடியிருப்புக்காரர்கள் வந்தார்கள். சம்சு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சி ஜெயிலுக்குப் போய்வந்த ஒரு கிழவி வந்தார். பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று சொல்லாததால் தோட்டத்தில் யாரும் பேசாத ஒரு பெண், கம்பிவேலி வாசலில் அனுமதி வாங்கிக்கொண்டு குழந்தையோடு வந்தாள். திருவிருந்துக்கு உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிவோம். கிண்ணத்துக்குப் பதில் ஓர் எனாமல் கோப்பை. அதைக் கழுவி வைக்கும் பொறுப்பு அக்காவுடையது. அண்ணன் அதிகம் பேசமாட்டார். ஆனால் கீர்த்தனை பாடும்போது அவர் குரல்தான் தகரக் கூரைவரை போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவில் லாரிகளும் ஒரு வேனும் வந்து நின்றன. அதற்கு முந்தின நாள் பக்கத்துத் தோட்டத்தில் காவலுக்கு நின்ற ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிளைக் காட்டுக்காரர்கள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். போலீசார் புகைவீட்டைச் சுற்றி நின்றுகொண்டு எங்களை வெளியே வரச் சொன்னார்கள். ஒரு தமிழ் இன்ஸ்பெக்டர் பேசினார்.

"ஒவ்வொருத்தரா நடங்க. அந்த வேனைப் பாத்துக்கிட்டே நடக்கணும். யாரும் பேசக்கூடாது."

வேனின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். தலையிலிருந்து இடுப்புவரை ஒரு கோணிச்சாக்கு. கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. காட்டுக்காரர்களுக்கு உதவுகிறவர்களை அடையாளம் காட்ட இப்படி ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பார்த்தது அன்றுதான். நான் நடந்தபோது அவன் மூச்சுக்குச் சாக்கு உள்ளே போய் வெளியே வந்தது. ஒரு ஓட்டைக்குள் கண் சிமிட்டியது. சம்சுக் கிழவி நடந்தார். குழந்தைக்காரி நடந்தாள். என் கணவர் வேதப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

அண்ணன் நடந்தபோது சாக்குக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. விரல் நீண்டது.

அண்ணன் நின்று, தமக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். தம்மைத்தான் காட்டுகிறான் என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டு பேர் அவர் கையைப் பிடித்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் அழவில்லை, கத்தவில்லை. வேனுக்குள் இருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்துக்குப் பொறுப்பானவர் என்று என் கணவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் ஓட்டமும் நடையுமாக அப்பா வீட்டுக்குப் போனேன். ஈஸ்டருக்குப் பிறகு நான் அங்கே போனதில்லை. அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். மருமகனுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அவர் சொன்னால் கேட்கிற ஆட்கள் அங்கே இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் என் கணவரை விட்டுவிட்டார்கள்.

"அப்பா, அண்ணனுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

"யாரு?"

"ஈஸ்டருக்கு வந்தாரே. வாளி எடுக்கறவரு."

"அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாதும்மா" என்றார். பொய் சொல்கிற மாதிரித் தெரியவில்லை. அந்த முகத்தை அவர் பார்த்திருக்கவே இல்லை.

என் கணவர் இன்ஸ்பெக்டரிடம் விடாமல் போய் நின்றார். அந்த மனிதர் மேல் ஒரு குற்றமும் இல்லை, நான் உத்தரவாதம் என்று வாக்குக் கொடுத்தார். புகைவீட்டில் ஞாயிறுதோறும் குற்றமற்றவரை விடுவிக்கும்படி ஜெபித்தோம். வழக்கு, விசாரணை என்று ஒன்றும் இல்லை. அண்ணனை எங்கேயோ ஒரு முகாமில் வைத்திருப்பதாக மட்டும் தெரிந்தது.

ஒரு நாள் ஆராதனை முடிந்து எல்லாரும் போனபிறகு, நானும் அக்காவும் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அவர் திடீரென்று சொன்னார்.

"டீச்சர், ஐயாவ அந்த ஜெபத்த நிறுத்தச் சொல்லுங்க."

"ஏன் அக்கா?"

"அவரு குத்தம் பண்ணாதவருன்னு சாமிகிட்ட சொல்லிக்கிட்டே இருக்காரு. கேக்க முடியல. என் வூட்டுக்காரரு சோறு கொண்டு போனது நெசம்."

நான் பாயைக் கீழே போட்டேன்.

"எப்படிக் கொண்டு போவாரு? வாசலுக்கு வாசல் பாக்கறாங்களே."

"வாளிலதான். யாரு தொறந்து பாப்பாங்க? தூரத்துல வந்தாலே மூக்கப் பொத்திக்கிட்டுப் போ போங்கறாங்க. புது வாளிதான் டீச்சர். வாழை இலை வச்சி, மேல ஒரு மூடி போட்டு. புதுசுன்னாலும் வாளிதானே. அதுல இருந்து எடுத்துதான் அவன் தின்னான்."

"யாரு?"

"என் தம்பி. தோட்டத்துல யூனியன்ல இருந்தான். யூனியன மூடுனப்ப புடிச்சிருவாங்கன்னு காட்டுக்குள்ள ஓடிட்டான். பசியில கெடக்கறான்னு ஆளுகிட்ட சொல்லி அனுப்புனான். நாந்தான் இவரக் கெஞ்சுனேன்."

அவர் ஒரு பாயை எடுத்து உதறினார்.

"இன்னொன்னும் சொல்றேன். சாக்குல இருந்து வந்துச்சே ஒரு கை, அது என் தம்பி கைதான். நான் தூக்கி வளத்த கை டீச்சர். எனக்குத் தெரியாதா?"

அன்று நான் வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று ஞாபகம் இல்லை. சோறு போட்டவரைச் சோறு தின்றவன் காட்டிக் கொடுத்திருக்கிறான். அதை வரிசையில் நின்றபோதே தெரிந்துகொண்டு, அத்தனை வாரம் எங்களோடு உட்கார்ந்து அக்கா ஆமென் சொல்லியிருக்கிறார். என் கணவரிடம் சொன்னேன். "என்னப் பொய்யனாக்கிட்டாங்க" என்றுதான் முதலில் சொன்னார். அடுத்த ஞாயிறு குற்றமற்றவர் என்ற சொல்லை விட்டுவிட்டு, "எங்கள் சகோதரனை" என்று ஜெபித்தார். இன்ஸ்பெக்டரிடம் அதன்பிறகு போகவில்லை.

அண்ணனை இந்தியாவுக்கு நாடுகடத்திவிட்டார்கள் என்று அடுத்த மழைக்காலத்துக்குள் செய்தி வந்தது. கைக்குழந்தையாகத் தாயின் இடுப்பில் இந்த ஊருக்கு வந்தவர் அவர். அந்தப் பக்கத்தில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒரு ஆள்கூட இல்லை. நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டார்களாம். இறங்கி எந்தப் பக்கம் நடந்திருப்பார் என்று அக்கா என்னிடம் கேட்டார். எனக்கு அந்த ஊர் தெரியாது.

பிறகு எங்கள் பகுதியை ஆபத்து நீங்கிய வெள்ளைப் பகுதி என்று அறிவித்தார்கள். ஊரடங்கு போனது. அரிசி தாராளமாகக் கிடைத்தது. தோட்டத்து வாசலில் தடவிப் பார்ப்பதை நிறுத்தினார்கள். புகைவீட்டுக்கு வருகிறவர்கள் அதிகமானார்கள். அப்போதுதான் அக்காவின் தம்பி வந்தான்.

சரணடைந்த ஆள் என்பதால் அரசாங்கம் அவனை விட்டுவிட்டது. ஆனால் வேறு யாரும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எந்தத் தோட்டத்திலும் ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேலை கொடுக்கவில்லை. சாக்குக்காரன் என்று பிள்ளைகள் கத்துவார்களாம். அவன் புகைவீட்டு வாசலில் வந்து நின்றபோது எனக்கு அவன் யாரென்று தெரியாது. ஒல்லியாக, முகமெல்லாம் அம்மைத் தழும்போடு இருந்தான். மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவன் கடைசிப் பாயில் உட்கார்ந்ததும், அந்தப் பாயில் இருந்தவர்கள் முன்னால் நகர்ந்தார்கள்.

அன்று திருவிருந்து. எல்லாரும் வட்டமாக முழங்காலிட்டோம். அவனும் வந்து ஓர் ஓரத்தில் முழங்காலிட்டான். முதலில் எழுந்தது சம்சுக் கிழவி. பிறகு நகராட்சிக் குடியிருப்புக்காரர்கள். பிறகு அந்தக் குழந்தைக்காரியும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். கால்கள் நகர்கிற இந்தச் சத்தத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஆனால் இங்கே, இவர்களிடமிருந்து கேட்பேன் என்று நினைக்கவில்லை.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்து வந்தது. என் கணவர் கோப்பையோடு அவன் முன்னால் போய் நின்றார். அவர் கை நீளவில்லை. ஒரு கிண்ணத்துக்காக வேலையையும் மாமனாரையும் விட்டுவந்த மனிதர், எனாமல் கோப்பையைத் தம் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாயை லேசாகத் திறந்து வைத்திருந்தான்.

அக்கா எழவே இல்லை. முழங்காலில் இருந்தபடியே பேசினார்.

"குடுங்கய்யா."

என் கணவர் அசையவில்லை.

"காட்டுல பசின்னு கேட்டான். என் வூட்டுக்காரரு வாளியில கொண்டு போயி குடுத்தாரு. நீங்க கோப்பையில குடுக்க மாட்டீங்களா?"

என் கணவர் கொடுத்தார். அவன் சட்டையில் கொஞ்சம் சிந்தியது. பிறகு அக்கா குடித்தார், நான் குடித்தேன். மற்றவர்கள் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அதற்குப் பிறகு வரவில்லை. அண்ணனோடு சேர்ந்து வாளி தூக்கியவர்கள் அவர்கள். அவர்கள் கோபத்தைத் தவறு என்று சொல்ல என்னால் முடியவில்லை, இன்றும் முடியாது. சம்சுக் கிழவி மட்டும் அடுத்த மாதமே திரும்பி வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஆராதனை முடிந்ததும் தம்பி அக்காவின் காலில் விழப் போனான். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"சாமி மன்னிக்கும். அதுக்குத்தான் குடுக்கச் சொன்னேன். எனக்கு நாளாவும்டா. கிட்ட வராத."

"அடிச்சாங்கக்கா" என்றான். "ஒருத்தரையாச்சும் காட்டுன்னாங்க. தெரிஞ்ச மொகம் அது ஒன்னுதான் வந்துச்சு."

அக்கா கோப்பையைக் கழுவப் போனார்.

என் கணவர் அன்று பகல் முழுக்கச் சாப்பிடவில்லை. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, தம் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கை ஏன் நின்னுச்சுன்னே தெரியலம்மா" என்று மட்டும் சொன்னார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

கிட்ட வராதே என்று சொன்ன அதே அக்கா, சில வாரம் கழித்து நகராட்சி ஓவர்சியரைப் போய்ப் பார்த்தார். தம் புருஷன் செய்த வேலையைத் தம்பிக்குக் கேட்டு வாங்கினார். வேறு எவனும் அந்த வேலைக்கு வரப்போவதில்லை என்பதால் ஓவர்சியரும் கொடுத்துவிட்டார். அண்ணன் போன அதே தெருக்களில், அதே பின்கதவுகளுக்கு அவன் போனான்.

அக்கா அதற்குப் பிறகுதான் கப்பல் ஏறினார். புருஷன் நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் மூட்டை தூக்குவதாக, ஊருக்குப் போய்வந்த ஒருவர் தகவல் கொண்டுவந்திருந்தார். நானும் என் கணவரும் சுவெட்டன்ஹாம் துறைமுகம்வரை கூடப் போனோம். ஒரு தகரப் பெட்டியும் ஒரு பாயும்தான் அவர் சாமான். கப்பலுக்குக் கொண்டுபோகும் படகில் ஏறும்போது என்னைக் கேட்டார்.

"டீச்சர், அந்த ஊருக் கோயில்ல எங்கள உள்ள விடுவாங்களா?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "போவுது விடுங்க" என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஏறிவிட்டார்.

சபை நின்றுவிடவில்லை. புகைவீட்டு முதலாளி இறந்தபின் அவர் மகன் நிலத்தை விற்றுவிட்டான். நாங்கள் பாச்சாங்கில் ஒரு கடைவீட்டின் மாடிக்குப் போனோம். தம்பியும் வந்தான். எப்போதும் படிக்கட்டுப் பக்கம்தான் உட்காருவான். ஒரு தரம் நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் எங்களைத் தேடி வந்து, அக்கா சொல்லச் சொன்னதாக ஒரு வார்த்தை சொன்னார். நான் அதைத் தம்பியிடம் போய்ச் சொன்னேன்.

"தம்பி நேரத்துக்குச் சாப்பிடறானான்னு கேட்டாங்களாம்."

அவன் என்னை வெறித்துப் பார்த்தான். "யாரு கேட்டாங்க?" என்றான்.

"உங்க அக்கா."

"திரும்பச் சொல்லுங்க டீச்சர்" என்றான். நான் திரும்பவும் சொன்னேன்.